உயிர் இல்லாத முதல் பாடம்

உயிரியல் புத்தகத்தின் முதல் பாடத்தில் ஓர் உயிர்கூட இல்லை என்பதுதான் அக்கா மகளின் புகார். கல்லூரியில் விலங்கியல் எடுத்துச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வார இறுதியில் வந்தவள், பையிலிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்துத் திண்ணையில் தொப்பென்று போட்டாள். "பாருங்கள் சித்தி. அணு, எலக்ட்ரான், பிணைப்பு, நீர். நாற்பது பக்கம். ஒரு மண்புழுகூடக் கிடையாது. வேதியியல் வேண்டாம் என்றுதானே இதில் சேர்ந்தேன்?"

அந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் வேதியியலுக்குப் பயந்துதான் விலங்கியலுக்குள் ஓடி ஒளிந்தேன். பள்ளியில் எங்களுக்கு வேதியியல் எடுத்த ஆசிரியர் ஒவ்வொரு வரையறையையும் பத்து முறை எழுதச் சொல்வார். எழுதினால் மனத்தில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. நின்றது, பொய் சொல்லக் கூடாது. "நீரின் சிறப்புப் பண்புகள் ஐந்தினை எழுதுக" என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் ஒப்பிப்பேன்: அதிகக் கொதிநிலை, அதிக வெப்ப ஏற்புத்திறன், அதிகப் பரப்பு இழுவிசை, பனிக்கட்டியின் குறைந்த அடர்த்தி, சிறந்த கரைப்பான். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். அந்த ஐந்தும் ஒரே விஷயத்தின் ஐந்து முகங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாடம் நடத்தத் தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அதுவரை என்னிடம் படித்த பிள்ளைகள் மன்னிக்கட்டும்.

"புத்தகத்தை மூடி வை," என்றேன். "இந்த நாற்பது பக்கத்தில் உனக்கு வேண்டியது நான்கு எண்களும் ஒரு கோணமும்தான்."

நான்கு எண்கள் 1, 2, 3, 4. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு நான்கே தனிமங்கள்: ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன். அவள் எடை 50 கிலோ என்றால் அதில் 32 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன், 9 கிலோ கார்பன், 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன், ஒன்றரை கிலோ நைட்ரஜன். ஹைட்ரஜன் எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அணுக்களை எண்ணினால் பாதிக்கு மேல் அதுதான். அவ்வளவு லேசான அணு.

அணுவின் உள்ளமைப்பைப் பற்றி உயிரியல் மாணவருக்கு நான் அதிகம் சொல்வதில்லை. நடுவில் அணுக்கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள். அணுக்கரு ஒரு மிளகு என்று வைத்துக்கொண்டால் அணுவின் ஓரம் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும். இரண்டு அணுக்கள் சந்திக்கும்போது ஒன்றின் மிளகுக்கு இன்னொன்றின் மிளகு இருப்பதே தெரியாது. தொட்டுப் பேசிக்கொள்வதெல்லாம் கடைசிக் கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான். அந்தக் கூடு நிறைய எத்தனை எலக்ட்ரான் குறைகிறது என்பதே நம் நான்கு எண்கள். ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2, நைட்ரஜனுக்கு 3, கார்பனுக்கு 4. இணைதிறன் என்று புத்தகம் சொல்லும். நான் கை என்று சொல்வேன். ஒற்றைக் கை ஹைட்ரஜன், இரட்டைக் கை ஆக்சிஜன், முக்கை நைட்ரஜன், நாற்கை கார்பன். எந்தக் கையும் காலியாகத் தொங்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் உயிரியல் புத்தகத்தில் வரும் வேதிக் கட்டமைப்புகளில் பெரும்பாலானவற்றைச் சரிபார்த்துவிடலாம். அவள் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் படத்தை எடுத்து விரல் விட்டு எண்ணினாள். சரியாக வந்தது. முகத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"கை கோத்தால் பிணைப்பு. அது சகப்பிணைப்பு. எலக்ட்ரான் ஜோடியை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று கில்பர்ட் லூயிஸ் 1916-இல் சொன்னார். பங்கு என்றால் சமபங்கு என்று நினைத்துக்கொள்ளாதே. சின்ன வயதில் மார்கழிக் குளிரில் உன் அம்மாவும் நானும் ஒரே போர்வைக்குள் படுப்போம். பெயருக்குத்தான் பங்கு. விடியும்போது முக்கால் போர்வை உன் அம்மா பக்கம் இருக்கும்."

அவள் சிரித்தாள். "இப்போதும் அப்படித்தான் சித்தி."

போர்வையை யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதற்கு லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் வகுத்தார். எலக்ட்ரான் கவர்தன்மை என்பது அதன் பெயர். ஆக்சிஜனுக்கு 3.44, நைட்ரஜனுக்கு 3.04, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20. கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்டச் சம பலம். போர்வை நடுவில் கிடக்கும். அதனால்தான் கார்பனும் ஹைட்ரஜனுமாக நீண்டு கிடக்கும் எண்ணெய்க்கு எந்தப் பக்கமும் மின்சுமை இல்லை. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் படுத்தாலோ என் கதைதான். ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்சுமை சேர்கிறது. ஹைட்ரஜன் குளிரில் நடுங்கிக்கொண்டு சற்று நேர்மின்சுமையோடு கிடக்கிறது.

போர்வையை முழுவதுமாகப் பிடுங்கிக்கொண்டால் அதுதான் அயனிப் பிணைப்பு. சோடியத்தின் எண் 0.93, குளோரினுக்கு 3.16. பங்குக்கே இடமில்லை. சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் உலோகம். ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்க வைத்திருப்பார்கள். குளோரின், முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு ஈப்ர் போர்முனையில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு. இரண்டும் சேர்ந்தால் ரசத்தில் போடும் உப்பு. இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். என்னை நீண்ட நாள் உறுத்தியது வேறொன்று. உப்பைத் தீயில் உருக்க 801 பாகை வேண்டும். அவ்வளவு வலுவான பிணைப்பு. அதே உப்பு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு கலக்கலில் காணாமல் போகிறது. 801 பாகைத் தீ செய்வதைப் பச்சைத் தண்ணீர் எப்படிச் செய்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் கோணத்தில் இருக்கிறது. 104.5 பாகை.

நீர் மூலக்கூறு நேர்க்கோடு அல்ல. நடுவில் ஆக்சிஜன், இரு பக்கமும் ஹைட்ரஜன், வளைந்த கவட்டை போல. ஏன் வளைய வேண்டும் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி, நான் மாணவியாக இருந்தபோது கேட்கவேயில்லை. ஆக்சிஜனின் கடைசிக் கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். இரண்டைக் கை கோக்கச் செலவழித்துவிட்டது. மீதி நான்கு, இரண்டு ஜோடிகளாகச் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஆக மொத்தம் நான்கு எலக்ட்ரான் ஜோடிகள். ஒன்றையொன்று விலக்கி, நான்கு மூலைக்குப் போகப் பார்க்கின்றன. எல்லாம் சமமாக இருந்தால் 109.5 பாகை வந்திருக்கும். ஆனால் யாரோடும் கை கோக்காத ஜோடிகள் பஸ்ஸில் காலை அகட்டி உட்காரும் ஆட்களைப் போன்றவை. அவை இடத்தை அடைத்துக்கொள்ள, ஹைட்ரஜன்கள் இரண்டும் கொஞ்சம் நெருங்கி உட்கார வேண்டியதாகிறது. 104.5.

இந்த வளைவு இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள். அதிலும் ஆக்சிஜன் போர்வையை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் மூலக்கூறு நேர்க்கோடு. இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் சமம். கயிறு இழுக்கும் போட்டியில் இரு கட்சியும் சம பலமாக இருந்தால் நடுவில் கட்டிய துணி நகராதே, அப்படி. நீரில் இரண்டு இழுப்பும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால் கிடைத்துவிடுகிறது. முனைவுள்ள மூலக்கூறு என்பது இதுதான்.

உப்பின் புதிரும் இங்கே அவிழ்கிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்து நேர்மின்சுமையோடு நிற்கும் சோடியம் அயனியை நோக்கி ஆக்சிஜன் முகங்கள் திரும்பிக்கொள்கின்றன. அதைப் பிடுங்கி எதிர்மின்சுமையோடு நிற்கும் குளோரைடு அயனியை நோக்கி ஹைட்ரஜன் முகங்கள். ஒரு நீர் மூலக்கூறால் உப்பை உடைக்க முடியாது. ஐந்தாறு சேர்ந்து ஓர் அயனியைச் சூழ்ந்துகொண்டு, "வா, உனக்கு அங்கே இருந்த சொந்தத்துக்கு ஈடாக நாங்கள் இருக்கிறோம்" என்று கூட்டிக்கொண்டு போகின்றன. உயிரியலில் உப்புக்கல்லுக்கு வேலையே இல்லை, அயனிகளுக்குத்தான் வேலை. நரம்பு செல்லின் வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. இரண்டும் கதவு திறந்து இடம் மாறுவதைத்தான் நரம்புத் துடிப்பு என்கிறோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு என்பதும் செல்லுக்குள் இருக்கும் கணக்கை நினைவூட்டும்.

இனி ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு நீர் மூலக்கூறின் நேர்மின் முகம் பக்கத்து மூலக்கூறின் எதிர்மின் முகத்தைத் தேடுகிறது. ஒவ்வொன்றும் நான்கு பேரோடு இப்படிச் சேரலாம். இது கை கோப்பது இல்லை; கூட்டத்தில் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பது போல. சகப்பிணைப்பின் பலத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக வெட்டினால், அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான் ஒரு தொடுகை நீடிக்கும். உடனே விட்டு இன்னொன்றைத் தொடும். இவ்வளவு அற்பமான ஒன்று என்ன செய்துவிடும் என்று தோன்றும். தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருப்பது கந்தகம். அதன் ஹைட்ரஜன் சேர்மம், அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பேர்போன ஹைட்ரஜன் சல்பைடு. நீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமான மூலக்கூறு. கனமாக இருப்பது கொதிக்க அதிக வெப்பம் கேட்க வேண்டும். ஆனால் அது மைனஸ் 60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நீர் 100 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. தோள் தொடுகை இல்லாவிட்டால் இந்த உலகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் திரவமாக இருக்காது.

இந்த இடத்தில் நான் வகுப்பில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன். அவளிடமும் கேட்டேன். தண்ணீர் கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது?

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்," என்றாள், யோசிக்காமல்.

பத்துக்கு ஏழு பேர் இதையே சொல்கிறார்கள். மீதிப் பேர் காற்று என்பார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கலவையில் அடுப்படியில் எழுந்தால், காலைக் காப்பி போடும் ஒவ்வொரு வீட்டிலும் கூரை இருக்காது. குமிழிக்குள் இருப்பது நீர் மட்டுமே; ஆவியான நீர். முதலில் பாத்திரத்தின் அடியில் ஒட்டி வரும் பொடிக் குமிழிகள் கரைந்திருந்த காற்று, அது வேறு. கொதிக்கும்போது அறுவது தோள் தொடுகை. கை கோத்தது அப்படியே இருக்கிறது. பிணைப்பு என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்ததால் வந்த குழப்பம் இது என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு வேறு பெயரே வைத்திருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சகப்பிணைப்பு தானாக உடையவே உடையாதா என்றால், உடையும். சுத்தமான நீரில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று பிரிந்து கிடக்கும். அந்த ஒன்றை எண்ணும் கணக்குதான் பி.ஹெச். இதை 1909-இல் வகுத்த சோரன்சன் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், பீர் ஆலை நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். உங்கள் இரத்தத்தின் பி.ஹெச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நின்றாக வேண்டும்; அதற்குப் பைகார்பனேட் தாங்கல் காவல் நிற்கிறது. இதற்கு மேல் இந்தத் தலைப்பைக் கிளறினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

திண்ணை மூலையில் மணல் பரப்பி வைத்த மண்பானை இருந்தது. அவள் எழுந்து போய் ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்தாள். பேச்சு அங்கே போயிற்று. பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாக வேண்டும் என்றால் அக்கம்பக்கத்துத் தொடுகைகளையெல்லாம் அறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வெப்பத்தைப் பானையிலிருந்துதான் எடுக்கும். வியர்வையும் அதே வேலைதான். தோலின் சூட்டில் ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது, ஒரு வயிறாரச் சாப்பாட்டின் ஆற்றல். அந்த வெப்பம் வெளியேறாமல் 50 கிலோ உடம்புக்குள்ளேயே தங்கினால் உடல் சூடு 13 பாகைக்கு மேல் ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 42-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. இதில் ஒரு நிபந்தனை உண்டு: ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. சென்னையில் படிக்கும்போது விடுதியில் நான் வாங்கி வைத்த பானை மே மாதம் ஏமாற்றியது பானையின் குற்றம் இல்லை. கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துச் சித்திரையில் அதே பானை பல் கூசும் தண்ணீர் தரும்.

பனிக்கட்டி மிதப்பதைப் பற்றிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன: ஏரியின் மேற்பரப்பு உறைகிறது, அடியில் மீன்கள் பிழைக்கின்றன. உண்மைதான். ஆனால் ஆனைமலை அடிவாரத்தில் எந்தக் குளம் உறைந்தது? எனக்குத் தெரிந்த பனிக்கட்டி, உறைபெட்டியில் வைத்து மறந்துபோய் வெடித்த கண்ணாடிப் புட்டிதான். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிக்க நடுவில் வெற்றிடம் விட்டாக வேண்டும். பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. முருங்கைக்காயை உறைய வைத்துப் பிறகு வெளியே எடுத்தால் துவண்டுபோவது ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "செல்லுக்குள்ளேயும் புட்டி வெடிக்கிறது," என்றாள். பனிப்படிகங்கள் செல்களைக் கிழிப்பதை இதைவிட நான் நன்றாகச் சொல்லிவிட முடியாது.

எண்ணெயைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் கோபம் உண்டு. நீர் வெறுக்கும் பொருள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எண்ணெய் நீரை வெறுப்பதே இல்லை. கல்யாண வீட்டில் நெடுநாள் கழித்துச் சந்தித்த அக்கா தங்கைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரை யாரும் வெறுக்க மாட்டார்கள். ஆனால் அவரைச் சுற்றிக்கொண்டு பேச வேண்டியிருப்பது தொந்தரவு. இப்படித் தெரியாதவர்கள் பத்துப் பேர் பத்து இடத்தில் உட்கார்ந்தால் பத்துத் தொந்தரவு. அவர்களெல்லாம் ஒரே மூலையில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் தொந்தரவு குறையும். எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்வது இதனால்தான். எண்ணெயின் குணத்தைவிட நீரின் சொந்தபந்தமே இதற்குக் காரணம்.

செல் சவ்வு உருவாவதும் இந்தக் கல்யாண வீட்டு நியாயத்தால்தான். சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு பாஸ்போலிப்பிடு. அதன் ஒரு தலை நீரோடு பழகும். இரண்டு வால்கள் பழகாது. வால்கள் உள்பக்கம் ஒதுங்க, தலைகள் வெளிப்பக்கம் நிற்க, ஈரடுக்கு தானாக அமைகிறது. ஒரு லிப்பிடுக்கும் அடுத்த லிப்பிடுக்கும் நடுவில் கை கோத்த பிணைப்பு ஒன்றுகூட இல்லை என்பதை நான் கல்லூரியில் கவனிக்கவே இல்லை. அமீபா இரையைச் சுற்றி வளைத்து விழுங்க முடிவதும், ஒரு செல் கிள்ளிக்கொண்டு இரண்டாகப் பிரிவதும், அங்கே வலுவான பிணைப்பு இல்லாததால்தான் நடக்கின்றன. சகப்பிணைப்பால் தைத்த சவ்வு என்றால் ஒவ்வொரு முறையும் தையலைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

டி.என்.ஏ.விலும் இதே கதை. ஒவ்வோர் இழையின் முதுகெலும்பும் சகப்பிணைப்பு. எழுத்துகள் உதிர்ந்துவிடக் கூடாதே. இரண்டு இழைகளுக்கு நடுவில் மட்டும் ஹைட்ரஜன் பிணைப்பு: அடினினுக்கும் தைமினுக்கும் இரண்டு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் மூன்று. படிக்க வேண்டும் என்றால் திறக்க வேண்டும். திறந்ததை மூட வேண்டும். 2020-இல் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே அந்தச் சோதனை, பி.சி.ஆர்., இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது. 95 பாகை வரை சூடாக்கினால் இழைகள் பிரிகின்றன, இழைகள் அறுவதில்லை. சூட்டைக் குறைத்தால் மறுபடி ஜோடி சேர்கின்றன.

அவளுக்கு இதைவிடப் பிடித்தது ஆட்டுக்கால் சூப். மீந்த சூப்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ஏன் கூழாக இறுகுகிறது? எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. மணிக்கணக்கில் வேகும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து கயிறு பிரிகிறது. ஆறும்போது இழைகள் கைக்குக் கிடைத்த இடத்தில் அரைகுறையாகச் சேர்ந்து, நடுவில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கொலாஜன் மூன்றிழைக் கயிறு என்று சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1952-இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி. பெர்னல் கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போக, 1954-இல் நேச்சர் இதழில் இவர்கள் விடையை வெளியிட்டார்கள். பிறகு கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் திருத்தம் சொன்னார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா, இரண்டா, அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்கலாமா என்பதுதான் சச்சரவு. எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழு உட்கார்ந்து கணக்கிட்டதில் பிறந்ததுதான், இன்று உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கப் பயன்படும் 1963-ஆம் ஆண்டின் ராமச்சந்திரன் வரைபடம். நான் படித்த கல்லூரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் நடந்த கதை. மூன்று ஆண்டுகள் விலங்கியல் படித்தும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் இப்போதும் வருத்தம்தான்.

அதற்குள் அப்பா தோப்பிலிருந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பகுதியில் பெரும்பாலும் எல்லாரும் ஆழ்துளைக் கிணறு போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கிவிட்டார்கள். அப்பா மட்டும் திறந்த கிணற்றையும் பழைய மோட்டாரையும் விடமாட்டேன் என்கிறார். கிணற்றின் பாதியில் திட்டுக் கட்டி அதில் மோட்டார் இருக்கிறது.

"அப்புச்சி, மோட்டாரை மேலேயே வைத்தால் வேலை சுலபம்தானே? எதற்குக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும்?" என்று அவள் கேட்டாள்.

"மேலே வைத்தால் எடுக்காது அம்மிணி. மோட்டாருக்கும் தண்ணீருக்கும் நடுவில் 25 அடிக்கு மேல் போனால் அது இழுக்காது. நீ எத்தனை குதிரைசக்தி போட்டாலும் அவ்வளவுதான்."

அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. சொன்னது முழுக்கச் சரி. மோட்டார் உண்மையில் எதையும் இழுப்பதில்லை. குழாயில் காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நம் தலைக்கு மேலிருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து தள்ளினாலும் தண்ணீர் 34 அடிக்கு மேல் ஏறாது, நடைமுறையில் 25.

நான் தோப்பைக் காட்டினேன். "அந்த மூலையில் நிற்கும் மரம் எவ்வளவு உயரம் அப்பா?"

"அறுபது அடி இருக்கும். உன் தாத்தா வைத்தது."

"அதன் உச்சியில் இளநீர் இருக்கிறதே. மோட்டார் எங்கே?"

அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர் கொஞ்சம் தள்ளும். அறுபது அடிக்கு அது போதாது. நுண்குழாய் ஏற்றம் என்று அவள் சொன்னாள். மரத்துக்குள் தண்ணீர் ஏறும் சைலக் குழாயின் அகலத்துக்கு அது சில அடிகூடத் தேறாது. ஜகதீஷ் சந்திர போஸ் தண்டின் உயிர்ச் செல்கள் துடித்துத் தள்ளுவதாக 1923-இல் ஒரு நூலே எழுதினார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனாலும் அந்தக் கருத்து நிற்கவில்லை. அதற்கு முன்பே தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் மரத்தண்டுக்கு நஞ்சூட்டிச் செல்களைக் கொன்று பார்த்திருந்தார். தண்ணீர் அப்போதும் ஏறியது. விடை, 1890-களில் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் சொன்னது. இலையில் ஒரு நீர் மூலக்கூறு ஆவியாகும்போது, தோளைத் தொட்டுக்கொண்டிருந்த அடுத்ததை மேலே இழுத்துவிட்டுப் போகிறது. அது அடுத்ததை. அப்படியே அறுபது அடி கீழே வேர் வரை. தண்ணீர் மரத்துக்குள் ஒரு கயிறு. கீழிருந்து தள்ளுவதற்குத்தான் 34 அடி வரம்பு. மேலிருந்து கயிற்றை இழுப்பதற்கு அந்த வரம்பு கிடையாது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் 115 மீட்டர் வரை இப்படியே ஏற்றுகின்றன. இழுக்கும் மோட்டார் சூரியன். கயிற்றின் முறுக்கு, இருபதில் ஒரு பங்குப் பலமுள்ள அந்தத் தொடுகை.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் காற்றுப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?" என்றார்.

கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்திய இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் இதைக் கேட்டதில்லை. கயிறு இழுவிசையில் இருக்கிறது. ஒரு குமிழி நுழைந்தால் அந்தக் குழாயில் கயிறு அறுந்துவிடும். வறட்சியில் மரங்கள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். குமிழி பக்கத்துக் குழாய்க்குத் தாவாமலிருக்க, குழாய்களுக்கு நடுவில் நுண்ணிய சல்லடைச் சவ்வுகள் உண்டு. வேம்பும் தேக்கும் ஆண்டுதோறும் புதுக் குழாய் செய்துகொள்ளும். தென்னையால் முடியாது. ஒருவித்திலைத் தாவரம், தண்டு பருப்பதில்லை. தாத்தா வைத்த அந்த மரத்தின் அடித்தண்டில் முதலில் எந்தக் குழாய்கள் அமைந்தனவோ, அவையேதான் இன்றும் வேலை செய்கின்றன.

"எத்தனை வருடம்?" என்றாள் அவள்.

"எனக்கு அப்போது பத்து வயது," என்றார் அப்பா. "அறுபத்து மூன்று வருடம்."

மறுநாள் விடிகாலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டார். வெற்றுச் சத்தம்தான் வந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அடி வால்வு தேய்ந்து, இரவில் குழாயிலிருந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கு இறங்கிவிட்டிருந்தது. நான் எழுந்து போவதற்குள் அவள் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்தபடி கிணற்றுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். மேலே நின்ற அப்பா டார்ச் அடித்து வழி காட்டினார். கீழே திட்டிலிருந்து அவள் குரல் எதிரொலித்து வந்தது: "ஊற்றிவிட்டேன் அப்புச்சி. இன்னும் குமிழி வருகிறது. கொஞ்சம் பொறுங்கள், போடாதீர்கள்."